தட்டைச் சூடாக்கிப் பரிமாறலாமா? சேலத்துக்கு ஒரு பதில், ஏற்காட்டுக்கு ஒரு பதில்

பஃபே வைக்கும் ஹோட்டல்களில் அடுக்கிலிருந்து தட்டை எடுத்தால் சில சமயம் வெதுவெதுவென்று இருக்கும். இப்போதுதான் கழுவி எடுத்து வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வோம். வேண்டுமென்றே சூடாக்கி வைத்ததாகவும் இருக்கலாம். சாப்பாட்டுத் தட்டைச் சூடாக்கிப் பரிமாறுவது ஐரோப்பியச் சமையலில் பழைய பழக்கம். அதற்கென்றே மின்சாரப் பெட்டிகள்கூட விற்கின்றன. சமையல் வீடியோக்களில் இதைப் பார்க்கிறவர்களுக்கு நம் வீட்டிலும் இது வேண்டுமா என்ற சந்தேகம் வருவது இயல்பு.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம் நகரத்தில், எவர்சில்வர் தட்டில் சோறும் குழம்பும் சாப்பிடுகிற வீட்டுக்கு இது வேண்டியதே இல்லை. ஏற்காட்டில், மார்கழி இரவில், கனமான பீங்கான் தட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு பரிமாறுவதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம், வித்தியாசம் நன்றாகவே தெரியும். இரண்டு ஊருக்கும் நடுவே மலைப்பாதையில் ஒரு மணி நேரப் பயணம்தான். பதில் ஏன் இப்படி மாறுகிறது என்பதைப் பார்த்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு எது சரி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சூடான சாப்பாடு தட்டில் விழுந்ததும் ஆறத் தொடங்குகிறது. அந்தச் சூடு மூன்று வழியில் போகிறது. கொஞ்சம் தட்டுக்குள் இறங்குகிறது. கொஞ்சம் சுற்றியுள்ள காற்றுக்குப் போகிறது. மீதி, ஆவியாக எழும்பும் தண்ணீரோடு போகிறது. தட்டைச் சூடாக்குவது இந்த மூன்றில் முதல் வழியை மட்டும்தான் அடைக்கிறது. ஆகவே தட்டு எவ்வளவு சூட்டை இழுக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

அது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று, தட்டு ஏற்கெனவே எவ்வளவு குளிர்ந்திருக்கிறது. இன்னொன்று, தட்டின் சூடு ஒரு டிகிரி ஏற எவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது. இரண்டாவதைப் பள்ளிப் பாடத்தில் வெப்ப ஏற்புத்திறன் என்று படித்திருப்போம். பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிது. ஒரு கிராம் எவர்சில்வரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.5 ஜூல் போதும். பீங்கானுக்கு 0.8 முதல் 0.9 ஜூல் வரை வேண்டும். தண்ணீருக்கு 4.2. சோறும் குழம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் அவற்றுக்குச் சுமார் 3.5 என்று வைத்துக்கொள்ளலாம்.

இதோடு எடையைச் சேர்க்க வேண்டும். வீட்டில் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டு ஒன்று 350 கிராம் இருக்கும் என்று கொள்வோம். கெட்டியான பெரிய பீங்கான் தட்டு 700 கிராம்கூட இருக்கும். அப்படியானால் எவர்சில்வர் தட்டை ஒரு டிகிரி சூடாக்க 175 ஜூல் போதும். பீங்கான் தட்டுக்கு ஏறக்குறைய 600 ஜூல் வேண்டும். மூன்று மடங்குக்கும் மேல்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 75 டிகிரி சூட்டில் இருக்கும் 300 கிராம் சோறு, குழம்பு. ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 12, 13 டிகிரிக்கு இறங்கும். சமையலறை அலமாரியில் இருக்கும் தட்டு 15 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டும் சாப்பாடும் ஒரே சூட்டுக்கு வந்தால் எவ்வளவு மிஞ்சும்? பீங்கான் தட்டு என்றால் 53 டிகிரி. எவர்சில்வர் என்றால் 66 டிகிரி. காற்றில் போகும் சூட்டை இதில் சேர்க்கவில்லை; தட்டு மட்டும் எடுத்துக்கொண்டது இவ்வளவு.

அதே சாப்பாட்டைச் சேலத்தில் சித்திரை மாதம் பரிமாறினால் கதை வேறு. நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில், தட்டு அலமாரியில் சும்மா இருந்தே 35 டிகிரிக்கு வந்திருக்கும். எவர்சில்வர் தட்டில் போட்ட சாப்பாடு 69 டிகிரியில் நிற்கும். பீங்கானில்கூட 60 இருக்கும். வெயில் ஏற்கெனவே தட்டைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் நீங்கள் கேஸைச் செலவழிப்பது வீண்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் இது: ஏற்காட்டுப் பீங்கான் தட்டை 50 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துப் பரிமாறினால் சாப்பாடு எவ்வளவு சூட்டில் நிற்கும்? 66 டிகிரி. சூடாக்காத எவர்சில்வர் தட்டில் நின்ற அதே 66. ஆக, இவ்வளவு பாடுபட்டுப் பீங்கானை எவர்சில்வருக்குச் சமமாக்குகிறோம், அவ்வளவுதான். தட்டைச் சூடாக்குவது பீங்கான் புழங்குகிற நாடுகளில் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. பீங்கான் பக்கத்துக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும் என்றால், ஒருமுறை சூடேறிவிட்ட பீங்கான் அந்தச் சூட்டை மெதுவாகத்தான் விடும். எவர்சில்வரைச் சூடாக்கி வைத்தாலோ, பரிமாறுவதற்குள் பாதி சூடு போய்விடும்.

தொட்டால் சில்லென்று இருப்பது எது?

இந்த இடத்தில் பலரும் குழம்புவார்கள். பனிக்காலையில் எவர்சில்வர் தட்டைத் தொட்டால் சில்லென்று கையை இழுத்துக்கொள்கிறோம். பக்கத்தில் இருக்கும் பீங்கான் தட்டு அவ்வளவு குளிர்வதில்லை. அப்படியானால் எவர்சில்வர்தானே சாப்பாட்டை அதிகம் ஆற வைக்கும்?

இல்லை. இரண்டு தட்டும் ஒரே அலமாரியில் இரவெல்லாம் இருந்தவை. இரண்டும் அதே 15 டிகிரிதான். உலோகம் விரலின் சூட்டை வேகமாகக் கடத்திக்கொண்டு போகிறது, அதனால் தோலுக்குக் குளிர் உறைக்கிறது. பீங்கான் மெதுவாகக் கடத்துகிறது. வேகம் வேறு, அளவு வேறு. குழாயடியில் சொம்பு சட்டென்று நிறைந்துவிடும்; குடம் மெதுவாக நிறைந்தாலும் கொள்ளும் தண்ணீர் அதிகம். எவர்சில்வர் தட்டு அந்தச் சொம்பு. சாப்பாட்டிலிருந்து முதல் அரை நிமிடத்தில் அவசரமாகக் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்திவிடும். பீங்கான் நீங்கள் பாதி சாப்பிட்டு முடிக்கும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தப் பெருமை உண்டு. எவர்சில்வர் தட்டுக்கு வேண்டிய தகடு நம் ஊர் இரும்பாலையில் 1981 முதல் உருட்டப்படுகிறது. தமிழ்நாட்டு அடுக்களையிலிருந்து பித்தளையையும் ஈயம் பூசும் வேலையையும் எவர்சில்வர் வெளியேற்றியதற்குக் காரணம் துருப்பிடிக்காது, கீழே போட்டால் உடையாது, புளி பட்டாலும் கெடாது என்பவைதான். சாப்பாட்டின் சூட்டை அதிகம் திருடாது என்ற குணத்தை யாரும் விளம்பரம் செய்யவில்லை.

வாழை இலையை இந்தக் கணக்கில் சேர்த்தால் அது எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். எடையே இல்லை, இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. பாக்குமட்டைத் தட்டும் அப்படித்தான். சாப்பாட்டுப் பொட்டலம் கட்ட இலையை அனலில் வாட்டுகிறோமே, அது இலை கிழியாமல் மடங்குவதற்காக. சூட்டைக் காப்பதற்காக இல்லை.

மின்விசிறி என்கிற எதிரி

சரி, சேலத்தில் தட்டு பிரச்சினை இல்லை என்றால் சாப்பாடு ஏன் ஆறுகிறது? தலைக்கு மேலே பாருங்கள்.

சூடான சோற்றிலிருந்து எழும் ஆவி சும்மா எழுவதில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு டீஸ்பூன் தண்ணீர், அதாவது 5 கிராம் ஆவியாகிப் போனால் 12,000 ஜூல் போச்சு. நம்முடைய அதே 300 கிராம் சாப்பாட்டில் இது 11 டிகிரி இறக்கத்துக்குச் சமம். பீங்கான் தட்டைச் சூடாக்கி நீங்கள் மிச்சப்படுத்திய 13 டிகிரியை, ஒரு டீஸ்பூன் தண்ணீர் ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடுகிறது.

காற்று அசையாத அறையில் சோற்றுக்கு மேலே ஈரமான காற்று தங்கி நிற்கும். அது அடுத்த ஆவி எழுவதைத் தடுக்கும். விசிறி ஓடினால் அந்த ஈரக் காற்று உடனே அகன்று உலர்ந்த காற்று வந்துவிடும். ஆவி எழும் வேகம் கூடும், சோறு ஆறும், மேல் பருக்கைகள் காய்ந்து விறைக்கும். காபியை ஊதிக் குடிக்கிறபோது நாம் செய்வதும் இதுவே. சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். பாத்திரத்தை மூடி வைத்து, சாப்பிடுகிற அளவுக்கு மட்டும் தட்டில் எடுத்துக்கொண்டால் தட்டைச் சூடாக்குவதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

நம் பரிமாறும் முறையே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. முதலில் கொஞ்சம் சோறு, பருப்பு, நெய். அப்புறம் சாம்பாரோ குழம்போ. மறுசோறு. ரசம். கடைசியில் மோர். ஒவ்வொரு தடவையும் பானையிலிருந்து சூடாக வருகிறது. தோசையும் அப்படியே: கல்லிலிருந்து ஒன்று வரும், அதைத் தின்று முடிப்பதற்குள் அடுத்தது வரும். பரிமாறுகிறவர் நிற்கிறவரைக்கும் சூடு பானையிலும் கல்லிலும் பத்திரமாக இருக்கிறது, தட்டில் அது தங்குவது சில நிமிடம்தான். இப்படி நின்றுகொண்டே பரிமாறுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவே இருந்து, கடைசியில் ஆறிப்போனதைத் தான் சாப்பிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று முடிவு செய்கிற வீட்டுக்குத்தான் மூடி போட்ட ஹாட்பேக்கும், தேவைப்பட்டால் சூடான தட்டும் வந்து சேர்கின்றன.

ஐரோப்பிய மேசையில் நிலைமை வேறு. இறைச்சி, காய்கறி, சாறு எல்லாம் ஒரே தட்டில் ஒரே தடவையில் வந்துவிடும். பேசிக்கொண்டே கத்தியும் முள்கரண்டியும் வைத்து மெதுவாகச் சாப்பிடுவார்கள். குளிர் தேசம், பீங்கான் தட்டு. சமையலறையோ பெரிய வீடுகளில் எங்கோ கடைக்கோடியில். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் தட்டுக்கு அடியில் உள்ளீடற்ற அறை வைத்து, அதில் வெந்நீர் ஊற்றிக்கொள்கிற தட்டுகளே செய்தார்கள். கணப்பு அடுப்புக்கு முன்னால் வைத்துத் தட்டுகளைச் சூடாக்கும் உலோக அலமாரிகளும் இருந்தன. சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் வந்தது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். பிரிட்டிஷார் கட்டிய பங்களாக்களில் சமையல்கட்டு பொதுவாகப் பின்னால் தனிக் கட்டடமாகத்தான் இருக்கும். பனியில் முற்றம் கடந்து சாப்பாடு வர வேண்டும் என்றால், தட்டைச் சூடாக்குவது ஆடம்பரம் ஆகாது.

எந்தச் சாப்பாட்டுக்கு வித்தியாசம் தெரியும்?

முதல் இடம் ஆட்டுக்கறிக்கு. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஏற்காட்டுக் குளிரில்கூடத் திரவமாகவே இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நெய் அதற்குச் சற்று மேலேயே கெட்டிப்படத் தொடங்கும். ஆட்டுக் கொழுப்போ 40 டிகிரிக்கு மேலேயே இறுக ஆரம்பித்துவிடும். நாம் பார்த்த 53 டிகிரிச் சாப்பாடு, காற்றும் குளிரும் சேர்ந்து இழுக்க, கொஞ்ச நேரத்தில் அந்த எல்லையைத் தாண்டி இறங்கிவிடும். குறிப்பாகத் தட்டின் ஓரத்தில் மெலிதாகப் பரவிய குழம்பு முதலில் ஆறும். அங்கே வெள்ளை வெள்ளையாகப் படியும், உதட்டில் மெழுகு ஒட்டின மாதிரி இருக்கும். மலையில் கறிக்குழம்பு சாப்பிட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தட்டு சூடாக இருந்தால் சாப்பிட்டு முடிக்கும் வரை கொழுப்பு உருகிய நிலையிலேயே இருக்கும்.

அடுத்தது முறுகல் தோசை. குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் போட்டதும் தோசையிலிருந்து கீழ்ப்பக்கமாக வரும் ஆவி தட்டில் பட்டு நீர்த்துளியாகும். அந்த ஈரத்தைத் தோசையே உறிஞ்சிக்கொண்டு சவசவத்துப் போகும். தட்டு வெதுவெதுப்பாக இருந்தால் இந்த வியர்வை குறையும். ஓட்டல்களில் தட்டுக்கு மேல் இலைத்துண்டு போட்டுத் தோசை வைக்கிறார்களே, அதிலும் தோசை குளிர்ந்த உலோகத்தை நேராகத் தொடுவதில்லை.

பாஸ்தா, ஸ்டேக், கிரேவி ஊற்றிய கட்லெட் என்று ஒரே தட்டில் மொத்தமாக வருகிற சாப்பாட்டுக்கும் சூடான தட்டு உதவும். சாம்பார் சாதம், பிரியாணி போன்றவை குவியலாக இருப்பதால் நடுவில் சூடு நிற்கும், அவற்றுக்கு அவசியமில்லை. தயிர்சாதத்துக்குச் சூடான தட்டு கொடுத்தால் சாப்பிடுகிறவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

இன்னொரு முக்கியமான விஷயம்: நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாப்பாடு 50 டிகிரியைத் தாண்டினாலே விரல் சுடும், பிசைய முடியாது. எனவே கையால் சாப்பிடுகிறவருக்கு 66 டிகிரிச் சோறு ஒரு பரிசு இல்லை. அது ஆறக் காத்திருக்க வேண்டும். கரண்டியால் சாப்பிடுகிறவருக்குத்தான் அந்தக் கூடுதல் சூடு உடனே பயன்படும்.

காபிக்கும் இதே கணக்கைப் போடலாம், அங்கே விளைவு இன்னும் பெரிது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். டிகாக்‌ஷனும் பாலும் கலந்து 85 டிகிரியில் 120 மில்லி காபி இருக்கிறது என்று வைப்போம். 15 டிகிரியில் இருக்கும் மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் 80 டிகிரிக்கு இறங்கும். 250 கிராம் எடையுள்ள தடித்த பீங்கான் மக்கில் ஊற்றினால் அது 64 டிகிரி வரை இறங்கிவிடும்! காபித் தோட்டத்து நடுவில் உட்கார்ந்துகொண்டு ஆறிய காபி குடிப்பது கொடுமை. மக்கில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் காபி ஊற்றினால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

எப்படிச் சூடாக்குவது?

வெந்நீர்தான் எளிது, ஆபத்தும் குறைவு. தட்டுகளைப் பெரிய பாத்திரத்தில் அடுக்கி, கை பொறுக்கிற அளவைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில் வெந்நீர் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். எடுத்ததும் நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் அந்த ஈரம் ஆவியாகிப் போகும்போது தட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். செய்த வேலை கெட்டுப்போகும். குளிரில் இருந்த பீங்கானில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் விரிசல் விடும். ஓப்பல் கண்ணாடித் தட்டுக்கும் இதே எச்சரிக்கை.

நம் சமையலறையில் இன்னொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. இறக்கி வைத்த குழம்புச் சட்டியை மூட ஒரு தட்டைத்தானே எடுக்கிறோம்? சாப்பிடப்போகும் பீங்கான் தட்டையே அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். ஆவி தட்டில் பட்டுத் தண்ணீராகும்போது, எழும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தையெல்லாம் தட்டுக்குக் கொடுத்துவிடும். குழம்பும் ஆறாது. எடுக்கும்போது துணி வைத்துப் பிடித்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன் இருந்தால் 70 டிகிரியில் பத்து நிமிடம் போதும். மைக்ரோவேவில் வெறும் தட்டு சரியாகச் சூடேறாது, ஏனென்றால் அது முக்கியமாகத் தண்ணீரைத்தான் சூடாக்கும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைக்கலாம், அதுவும் மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று அடியில் குறித்திருக்கும் தட்டாக இருந்தால் மட்டும். தங்க விளிம்பு போட்ட தட்டு வைத்தால் பொறி பறக்கும். மெலமைன் தட்டை மைக்ரோவேவிலும் ஓவனிலும் வைக்கவே கூடாது. கேஸ் அடுப்பின் தீயில் பீங்கானைக் காட்டுவதும் வேண்டாம்.

தட்டு எவ்வளவு சூடாக வேண்டும் என்றால், வெறும் கையில் தயங்காமல் பிடிக்க முடிகிற அளவு. 60 டிகிரியில் இருக்கும் உலோகத் தட்டைச் சில விநாடிக்கு மேல் பிடித்தால் கை வெந்துபோகும். குழந்தைகளுக்கும், கல்யாண வீட்டில் நின்றுகொண்டு சாப்பிடுகிறவர்களுக்கும் சூடான தட்டு கொடுக்கவே வேண்டாம். வெதுவெதுப்பான தட்டில் வைத்துவிட்டோமே என்று சாப்பாட்டை மணிக்கணக்கில் வெளியில் விடவும் கூடாது. கிருமி பெருகாமல் இருக்கச் சாப்பாடு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும், அந்தச் சூட்டைத் தட்டால் அவ்வளவு நேரம் கொடுக்க முடியாது. அதற்கு அடுப்போ நல்ல ஹாட்பேக்கோதான் வழி.

சேலத்துக்காரர்கள் இதே வித்தையைத் தலைகீழாகச் செய்து பார்க்கலாம். மே மாதம் 35 டிகிரியில் இருக்கும் தடித்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீமை வைத்தால் அடியிலிருந்து உருகத் தொடங்கிவிடும். கிண்ணத்தைப் பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுங்கள். மெல்லிய எவர்சில்வர் கிண்ணம் என்றால் அதுகூடத் தேவையில்லை, குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசித் துடைத்தால் போதும்.